தெற்குச் சுவரில் துரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் ஞாபகத்தை அதிகம் நம்பாதீர்கள். துரை எங்கள் வீட்டுக்கு வந்தது இரண்டாயிரத்து நாலாம் ஆண்டா, ஐந்தாம் ஆண்டா என்பதே எனக்கு நிச்சயமில்லை. பனி கொட்டிக்கொண்டிருந்தது. மொன்றியலில் பனி கொட்டியது என்பது ஒரு தகவலே அல்ல என்பதும் எனக்குத் தெரியும். சப்பாத்தில் தெருவில் தூவிய உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. அதுவும் எல்லாக் குளிர்காலத்துக்கும் பொருந்தும். ஆகவே வருடத்தை விட்டுவிடுவோம். பல்லி வளர்ப்பது பற்றி நான் சொல்வதில் பிழை இருக்காது. மற்றவற்றிலும் பெரிய பிழை இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

துரை ஒரு கொண்டைப் பல்லி. நம் வீட்டுச் சுவர்களில் ஓடுகிற பல்லிக்குத் தூரத்துச் சொந்தம். உள்ளங்கை நீளம் இருக்கும், வாலையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். கண்ணுக்கு மேலே இமைமயிர் போல ஒரு முள்வரிசை தொடங்கிக் கழுத்து வழியாக முதுகுக்குப் போகும். ஆனால் மூடுவதற்கு இமை கிடையாது. கண்ணில் தூசி விழுந்தால் நாக்கை நீட்டித் தானே துடைத்துக்கொள்ளும். பகலெல்லாம் தூங்கிவிட்டு, பொழுதுபட்டதும் எழும்பி, யாரோ தன்னைக் காக்கவைத்துவிட்டது போல ஒரு பார்வை பார்க்கும். துரை என்று பெயர் வைத்தது அக்கா.

அக்கா என்றால் இந்திராதேவி. என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அப்போது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். அப்பா அம்மா போன பிறகு நாங்கள் இருவர்தான். விமான நிலையத்துக்குப் பக்கத்தில், டோர்வலில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். அக்கா விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் ஒரு சமையல்கூடத்தில் தட்டுகளை அடுக்கும் வேலை செய்தார். எனக்குப் புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் வேலை. மாலையில் இருவரும் வந்துவிடுவோம். சாப்பிட்ட பின் நான் என் கதிரையில் இருந்து வாசிப்பேன். அக்கா எதிர்க் கதிரையில் இருந்து ஏதாவது தைப்பார், அல்லது சும்மா இருப்பார். பேசமாட்டோம். சில நாட்களில் படுக்கப் போகும்வரை ஒரு சொல்லும் இருக்காது. தலைக்கு மேலே விமானங்கள் போகும். அந்தச் சத்தம் என்னை ஒருபோதும் தொந்தரவு செய்ததில்லை. விமானம் பதில் எதிர்பார்ப்பதில்லை.

இப்படி ஒரு அமைதி எல்லா வீட்டிலும் கிடைக்காது. நான் போன வீடுகளிலெல்லாம் தொலைக்காட்சி கத்தும், அதற்கு மேலே மனிதர்கள் கத்துவார்கள், நடுவில் ஒருவர் தொலைபேசியில் யாழ்ப்பாணத்துக்கே நேரடியாகக் கேட்கும்படி கதைப்பார். எங்கள் வீட்டில் புத்தகத்தின் பக்கம் திரும்பும் சத்தம் கேட்கும். இது நாங்கள் இருவரும் சேர்ந்து கட்டியது என்றே எப்போதும் நினைத்திருக்கிறேன்.

பண்டகசாலையில் என்னோடு வேலை செய்த ஒரு கியூபெக்காரன் அல்பேர்ட்டாவுக்கு வேலை தேடிப் போனான். போகும்போது தன் பல்லியைக் கண்ணாடிப் பெட்டியோடு எனக்குத் தந்தான். நாய் குரைக்கும், பூனை கத்தும், இது சத்தமே போடாது, உனக்குச் சரியான ஆள் என்றான். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் வாங்கிக்கொண்டேன்.

அக்கா கதவைத் திறந்து பெட்டியைப் பார்த்தார்.

"என்னடா தம்பி உது?"

"பல்லி அக்கா."

"காசு குடுத்தே வாங்கினனீ?"

"சும்மா தந்தவன்."

"ஊரிலை கூட்டுற தும்புத்தடியாலை அடிச்சுக் கலைச்சதை இஞ்சை கண்ணாடிக்கை வைச்சுப் பூசை செய்யப் போறியாக்கும். சமைக்கிற குசினிப் பக்கம் கொண்டு வந்தியெண்டால் உன்னையும் சேர்த்துத்தான் கலைப்பன்."

முன்னறையில் கிழக்கு யன்னலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

புதிதாக வளர்ப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: உங்களுக்குப் பல்லியைப் பற்றி ஏற்கெனவே தெரிந்ததையெல்லாம் மறந்துவிடுங்கள். நான் மறக்கவில்லை. பல்லி என்றால் வெயில், ஓட்டுக் கூரை, பின்னேரச் சூடு என்றுதான் என் மனதில் பதிந்திருந்தது. வெளியே உறைகுளிர். பாவம், இதற்குக் குளிருமே என்று பெட்டிக்கு மேலே ஒரு பெரிய மின்குமிழைப் பொருத்தி, நாலு பக்கமும் கம்பளியால் மூடிவிட்டு வேலைக்குப் போனேன். யாழ்ப்பாணத்தான் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. கொண்டைப் பல்லி வருவது நியூ கலிடோனியா என்ற தீவிலிருந்து. அங்கே அது இருப்பது குளிர்ச்சியான காட்டுக்குள். நாம் குளிர் மேற்சட்டை இல்லாமல் வசதியாக இருக்கும் சூடு அதற்கும் போதும். அதற்கு மேலே போனால் வெந்துவிடும்.

அன்று அக்கா எனக்கு முன்னரே வீட்டுக்கு வந்திருந்தார். நான் வந்தபோது கம்பளி நிலத்தில் கிடந்தது, குமிழ் அணைந்திருந்தது. அக்கா கையில் ஒரு ஈரத்துணி. துணிக்குள் பல்லி.

"வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குது. பாக்கேலாமல் போச்சு. நீயென்ன, வளக்கப் போறியோ, பொரிக்கப் போறியோ?"

பல்லியைத் தொடவே மாட்டேன் என்றவர் அதை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் கேள்விப்பட்டதையெல்லாம் விட அக்காவுக்கு அன்று தெரிந்தது அதிகம். அதன் பிறகு துரை அவருடைய ஆளாகிவிட்டது.

சாப்பாடு சுலபம். பின்னாளில் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் மா ஒன்று கடைகளில் வந்தது. அந்த நாட்களில் குழந்தைகளுக்கான பழக்கூழைத்தான் கொடுப்போம். பீச் பழக்கூழ் என்றால் துரைக்கு உயிர். அதில் கொஞ்சம் கல்சியத் தூள் கலக்க வேண்டும். இடைக்கிடை ஒரு சில்வண்டு. பழக்கூழை வாங்குவது அக்காவின் வேலை. அதனால் ஒரு சின்னக் கலகம் நடந்தது. கலியாணம் ஆகாத ஒரு பெண் கிழமைக்குக் கிழமை குழந்தைச் சாப்பாடு வாங்குகிறாள் என்பது கோவில்வரை போய்விட்டது. ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்து பிரசாதத்துக்கு நிற்கும்போது ஒரு மனிசி மெதுவாகக் கேட்டாராம்:

"பிள்ளை, ஆருக்கு வாங்கிறீர்?"

"துரைக்கு."

"ஆரது துரை?"

"எங்கடை வீட்டிலை ஒராள். பகல் முழுக்க நித்திரை, இரவிலைதான் எழும்புவார்."

இதைச் சொல்லிவிட்டு அக்கா ஒரு விளக்கமும் கொடுக்காமல் வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு புதிதாக இருந்தது. கொஞ்சம் சத்தமாகவும் இருந்தது.

ஞானேந்திரன் எங்கள் வீட்டுக்கு வந்ததும் துரையைப் பார்க்கத்தான். அப்படித்தான் சொன்னார். அக்காவின் வேலையிடத்தில் அவர் லொறி ஓட்டினார். சாப்பாட்டுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போய் விமானத்தின் கதவு உயரத்துக்குத் தூக்கிக்கொடுக்கும் லொறி. நாற்பத்தைந்து வயது. மனைவி இறந்து சில வருடங்கள். பிள்ளைகள் இல்லை. இல்-பிசாரில் வீடு வாங்கியிருந்தார். பேருந்து எப்போதாவது வரும் அந்தத் தீவில் தனியாக ஒரு பெரிய வீட்டில் இருந்தார். அதனாலோ என்னவோ, மனிதர்களைக் கண்டால் கதைத்துத் தீர்த்துவிடுவார்.

"நியூ கலிடோனியாவோ?" என்று பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். "அது பிரான்சுக்காரன்ரை தீவெல்லோ. அப்ப உவர் பிரெஞ்சு வகுப்புக்குப் போகத் தேவையில்லை. நாங்கள்தான் அஞ்சு வருசமாப் போறம், இன்னும் பொன்ஜூர் எண்ட வணக்கத்துக்கு அங்காலை போகேல்லை."

அக்கா சிரித்தார். துரை கண்ணாடியில் ஒட்டியபடி அவரைப் பார்த்தது. நான் புத்தகத்தை மூடிக் கையில் வைத்திருந்தேன். விருந்தினர் இருக்கும்போது வாசிப்பது மரியாதை இல்லை. அவர் நல்ல மனிதர். இதை நான் அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். போகும்போது ஒரு புட்டி பீச் கூழை மேசையில் வைத்துவிட்டுப் போனார். பூ கொண்டுவருவதைவிட அது நல்ல யோசனை என்று எனக்கே பட்டது.

சில வாரங்களில் சண்முகலிங்கம் அண்ணை வந்தார். மளிகைக் கடை வைத்திருந்தவர். கடையில் அரிசி விற்பார், மிச்ச நேரத்தில் கலியாணம் பேசுவார். இரண்டுக்கும் ஒரே குரல்.

"ரதீசன், நீதான் வீட்டுக்கு ஆம்பிளை. உன்னட்டைத்தான் கேக்கோணும். ஞானேந்திரனைத் தெரியும்தானே. குடி இல்லை, கடன் இல்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். இந்திராவுக்கு ஓமெண்டால் எனக்கும் சந்தோசம்."

அக்கா தேத்தண்ணீர்த் தட்டோடு நின்றார். அப்போதுதான் துரை முதன்முதலாகச் சொன்னது. சத்தமே போடாது என்று அந்தக் கியூபெக்காரன் சொன்ன பல்லி, கிழக்கு யன்னலோரம் இருந்து, எங்கள் ஊர்ப் பல்லி சொல்வது போலவே டிக் டிக் என்றது.

அக்காவின் விரல் தானாகத் தட்டின் விளிம்பில் தட்டியது. பல்லி சொன்னால் தட்ட வேண்டும். எங்களுக்கு அது மூச்சுவிடுவது போல.

"கிழக்கு," என்றார் சண்முகலிங்கம் அண்ணை. "பல்லி எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைச்சிருந்தாலும் சாத்திரம் ஒண்டுதான். பேந்தென்ன, நல்லதுதான்."

எங்கள் அம்மாவின் கணக்கு அப்படித்தான். ஒரு காரியம் பேசும்போது கிழக்கிலிருந்து பல்லி சொன்னால் கைகூடும். மேற்கும் வடக்கும் பரவாயில்லை. தெற்கிலிருந்து சொன்னால் சாவு. மற்ற வீடுகளில் வேறு கணக்கு இருக்கலாம். அக்காவுக்கு அம்மாவின் கணக்குத்தான். அதற்கு ஒரு காரணம் உண்டு. அக்காவுக்கு இருபத்தொரு வயதில் ஒரு சம்பந்தம் பேசி நாள் குறித்தார்கள். நாள் குறிக்கும்போது தெற்குச் சுவரில் பல்லி சொன்னது. அம்மா வேறு நாள் பார்ப்போம் என்றார். பெரியவர்கள் சிரித்து மழுப்பிவிட்டார்கள். கலியாணத்துக்கு முன் அந்த ஆள் காய்ச்சலில் இறந்துபோனார். அதற்குப் பிறகு அக்காவைப் பற்றி ஊரில் என்ன சொன்னார்கள் என்பதை நான் இங்கே எழுதத் தேவையில்லை. அக்கா அதை நம்பினார் என்பது மட்டும் போதும். எத்தனையோ வருடங்கள் எந்தச் சம்பந்தத்துக்கும் அவர் தலையாட்டவில்லை. இப்போது கிழக்கிலிருந்து ஒரு குரல் வந்ததும், அவருடைய முகத்தில் ஏதோ ஒன்று கழன்று விழுந்தது.

"தம்பி என்ன சொல்லுறான்?" என்று மட்டும் கேட்டார்.

"உங்கடை விருப்பம் அக்கா," என்றேன்.

அதன் பிறகு மாலைகள் மாறின. அக்கா குசினியில் தொலைபேசியோடு இருந்தார். பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு நடுவே சிரிப்பார். என் கதிரைக்கு எதிர்க் கதிரை வெறுமையாக இருந்தது. ஞானேந்திரன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து என்னை மச்சான் என்று கூப்பிடத் தொடங்கினார். அவருடைய வீட்டின் நிலக்கீழ்த் தளத்தை எனக்கென்று ஒதுக்கித் தருவதாகவும் சொன்னார்.

"நீ தனிய இருக்கிறதோ மச்சான்? விசரே? கீழை முழுக்க உனக்குத்தான். நான் வேலையாலை வந்து உன்னோடை இருந்து கதைப்பன். கோடையிலை படகிலை அக்கரையிலை இருக்கிற லவாலுக்குப் போய் வருவம். உன்ரை புத்தகமெல்லாம் என்னெண்டு எனக்குச் சொல்லித் தா, நானும் வாசிக்கப் பாக்கிறன்."

உண்மையான அன்போடுதான் சொன்னார். நான் அன்று நெடுநேரம் அந்தத் தளத்தைப் பற்றி யோசித்தேன். படிக்கட்டில் அவருடைய காலடி கேட்கும். கதவைத் தட்டாமல் திறப்பார். என்ன வாசிக்கிறாய் என்பார். நான் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டும்.

நான் அக்காவைத் தடுக்க நினைக்கவில்லை. பேசித் தடுப்பது என் குணமும் அல்ல. அக்காவுக்கு இது பொருந்துமா என்று யோசித்தேன், அவ்வளவுதான். எங்களுடையது போன்ற அமைதியில் பழகிய ஒருவர் அந்த வீட்டுச் சத்தத்தில் எப்படி இருப்பார்? அவருக்கே அது தெரியவில்லை என்று எனக்குப் பட்டது. ஒருவருக்குத் தெரியாததை அவருக்கு மெதுவாக உணர்த்துவதில் தவறில்லை.

இங்கே பல்லி வளர்ப்பில் இன்னொரு முக்கியமான விடயம். கண்ணாடிப் பெட்டியை வெயில் படும் யன்னலோரம் வைக்கக் கூடாது. குளிர்காலத்தில் பரவாயில்லை, வசந்தம் வந்ததும் காலை வெயில் கண்ணாடிக்குள் புகுந்து பெட்டி அடுப்பாகிவிடும். வெயில் படாத உட்சுவர் ஓரம்தான் நல்லது. எங்கள் முன்னறையில் அப்படி இருந்தது தெற்குச் சுவர்.

அக்கா வேலையால் வந்து, குளிர் மேற்சட்டையைக் கழற்றாமலே நின்றார்.

"ஏன்டா உங்கை வைச்சனி?"

"யன்னலடியிலை வெயில் படும் அக்கா. சூடு கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு துரையைப் பார்த்தார்.

"ஓம், அதுவும் சரிதான்," என்றார்.

வைத்துவிட்டால் மட்டும் போதாது. கொண்டைப் பல்லி கேட்டவுடன் சொல்லாது. பல வாரம் அது வாயே திறக்கவில்லை. பழகாதவர்கள் அதை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதைப் பொறுமையாகத்தான் கற்க வேண்டும். மேலிருந்து பிடித்தால் பயப்படும். பருந்து என்று நினைக்கும். கீழிருந்து கையை நீட்டினால் தானாக ஏறும். ஒரு கையிலிருந்து மறுகைக்கு நடக்கவிட வேண்டும். முதுகில் தடவினால் பேசாமல் இருக்கும். வால் தொடங்கும் இடத்தில், விரல் நகத்தால் அழுத்தி ஒரு கொடுப்புக் கொடுத்தால் டிக் என்று சொல்லும். இதைக் கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நாள் எடுத்தது. அக்கா வேலையால் வருமுன் பழகினேன். வலித்திருக்குமா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. பீச் கூழைக் காட்டினால் அடுத்த நிமிடம் வந்து நக்கியது.

நாள் குறிக்க அவர்கள் வந்தது ஒரு ஞாயிறு பின்னேரம். சண்முகலிங்கம் அண்ணை பஞ்சாங்கத்தோடு வந்தார். ஞானேந்திரன் புதுச் சேட்டு போட்டிருந்தார். சேட்டின் கழுத்துப்பட்டியில் கடையின் விலை அட்டை கொழுவியிருந்ததை அக்கா கண்டு, கிட்டப் போய்க் கத்தரித்துவிட்டார். கத்தரித்த அட்டையை எறியாமல் அக்கா உள்ளங்கையில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

எல்லாரும் இருந்தார்கள். நான் மட்டும் நின்றேன். பொழுதுபடும்போது பெட்டிக்குள் தண்ணீர் தெளிக்க வேண்டும். இலையில் நிற்கும் துளிகளைத்தான் அது நக்கிக் குடிக்கும். ஒருநாள்கூடத் தவறக் கூடாது. ஆகவே நான் தெளித்துக்கொண்டிருந்தேன். என் இடது கை பெட்டிக்குள் இலைகளுக்கு நடுவே இருந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். ஒருவருக்கும் அது விசேடமாகப் படவில்லை.

"ஆவணியிலை முதல் முகூர்த்தம் திறம்," என்றார் சண்முகலிங்கம் அண்ணை. "என்ன சொல்லுறியள்?"

டிக், என்றது துரை.

அக்காவின் விரல் மேசையைத் தட்டவில்லை. பாதியில் நின்றது. அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார்.

ஞானேந்திரன் சிரித்தார். "அண்டைக்குத் துரைக்கு லீவு கிடைக்காதாக்கும். அடுத்த திகதியைச் சொல்லுங்கோ அண்ணை."

"அடுத்தது மாதக் கடைசியிலை…"

இந்த இடத்தில் நான் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துவிட்டேன். கை ஈரமாக இருந்தது. துரை டிக் டிக் டிக் என்று பலமாகச் சொன்னது. வால் என் விரல்களுக்குள் கழன்று வந்தது. நான் கையை எடுத்தேன். வால் பெட்டியின் அடியில் விரித்திருந்த வெள்ளைக் காகிதத்தில் விழுந்து துடித்தது. துரை மேலே கிளைக்கு ஏறிவிட்டது. வால் மட்டும் கீழே தனியாக, தனக்குப் போக வேறு இடம் இருப்பது போல, நெளிந்துகொண்டே இருந்தது. அறையில் இருந்த எல்லாரும் அது நிற்கும்வரை பார்த்தார்கள். நிற்க நெடுநேரம் எடுத்தது.

ஒன்று சொல்ல வேண்டும். வாலைக் கழற்றுவது என் நோக்கம் இல்லை. அது எனக்குப் பெரிய விடயமாகவும் படவில்லை. எங்கள் ஊர்ப் பல்லிக்கு வால் போனால் மறுபடி முளைக்கும். சின்ன வயதில் நாங்கள் எத்தனை வாலைக் கழற்றியிருக்கிறோம். கொண்டைப் பல்லிக்கு முளைக்காது. போனால் போனதுதான். இதை நான் பிறகே அறிந்தேன். புதிதாக வளர்ப்பவர்கள் கவனத்தில் வைத்திருக்க வேண்டும்.

அக்கா எழும்பிக் குசினிக்குப் போனார். ஞானேந்திரன் பின்னால் போனார். நானும் சண்முகலிங்கம் அண்ணையும் முன்னறையில் இருந்தோம். எங்கள் வீடு அமைதியான வீடு, ஆகவே எல்லாம் கேட்டது.

"இந்திரா, ஒரு பல்லிக்குப் பயந்தோ?"

"எனக்காகப் பயப்பிடேல்லை."

"அப்ப?"

"நீங்கள் இருக்கோணும்."

"நான் எங்கை போறன்? இல்-பிசாருக்குத்தானே. அங்கையிருந்து வெளிக்கிடவே பஸ் இல்லை."

"பகிடி விடாதேங்கோ. நீங்கள் உயிரோடை இருக்கோணும் எண்டு சொல்லுறன்."

"எனக்குப் பயமில்லை எண்டு நான் சொன்னால்?"

"எனக்கிருக்கு. ஒருக்காப் பாத்திட்டன். இன்னொருக்காப் பாக்கேலாது."

அவர் அதற்குப் பிறகும் நெடுநேரம் கதைத்தார். சத்தமாகக் கதைத்தார், மெதுவாகக் கதைத்தார், ஒருமுறை சிரிப்பது போலவும் கேட்டது. அக்கா பாத்திரம் கழுவத் தொடங்கினார். நான் அப்போது ஒரு சொல் சொல்லியிருக்கலாம். குசினி வாசலுக்குப் போய், என் விரல்தான் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அது தோன்றாமல் இல்லை. ஆனால் இருவர் மனம்விட்டுக் கதைக்கும்போது நடுவில் புகுவது நாகரிகம் இல்லை.

ஞானேந்திரன் வாசலில் குனிந்து சப்பாத்துக் கட்டினார். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது.

"மச்சான்," என்று தொடங்கினார். நிறுத்தினார். "தம்பி, அக்காவைக் கவனமாப் பாத்துக்கொள்."

"ஓம்," என்றேன். சொன்னபடி பார்த்துக்கொண்டேன்.

அவர் சும்மா விட்டுவிடவில்லை. பல தடவை தொலைபேசி எடுத்தார். அக்கா சமையல்கூடத்தில் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டார், அவருடைய லொறியைக் காணாமல் இருப்பதற்காக. எதிர்க் கதிரைக்குத் திரும்பி வந்தார். முதல் சில வாரம் தைக்கும் துணியை மடியில் வைத்துக்கொண்டு தைக்காமல் இருந்தார். பிறகு தைத்தார். நான் விட்ட இடத்திலிருந்து வாசித்தேன்.

ஒரு நாள் நான் துரையைக் கையில் வைத்துக் கூழ் கொடுத்துக்கொண்டிருந்தேன். வால் போன பல்லிக்குச் சமநிலை குறையும். அதனால் கையில் வைத்துக் கொடுப்பது நல்லது. அக்கா தையலை விட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"தம்பி, ஒண்டு கேப்பன், கோவிக்காதை."

"கேளுங்கோ."

"அண்டைக்கு உன்ரை கை பெட்டிக்குள்ளை இருந்தது. நீ அதை ஏதும் செய்தனியோ?"

குரலில் கோபமே இல்லை. மழை வருமா என்று கேட்பது போலக் கேட்டார். ஆனால் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஓம் என்று சொல்லியிருந்தால், அப்போதுகூடக் காலம் போகவில்லை. ஞானேந்திரன் அந்தத் தீவில் தனியாகத்தான் இருந்தார். தொலைபேசி மேசையில் இருந்தது.

"இல்லை அக்கா," என்றேன். சொல்லிக்கொண்டே உள்ளங்கையைக் கொஞ்சம் மூடினேன். துரைக்கு இப்போது வால் இல்லை. அதனால் நகத்தைக் காலில் கொடுத்தேன்.

டிக், என்றது துரை.

ஒருவர் சொன்னதற்குப் பின்னால் பல்லி சொன்னால், சொன்னது உண்மை. இதில் திசைகூடப் பார்க்கத் தேவையில்லை. அக்கா மேசையில் விரலால் தட்டினார். மூச்சை விட்டார்.

"பிழையா நினைச்சுப்போட்டன். என்ரை புத்தி இப்பிடிப் போகுது பார். மன்னிச்சுக்கொள் தம்பி."

"பரவாயில்லை அக்கா," என்றேன். உண்மையாகவே எனக்கு அவர்மேல் கோபம் இல்லை.

இதுவரை சொன்னதில் நான் எதையும் மறைக்கவில்லை. பெட்டியைத் தெற்குக்கு நகர்த்தியது நான். இரண்டு முகூர்த்தத்துக்கும் துரையைச் சொல்லவைத்தது நான். அக்காவின் பழைய கதை தெரிந்துதான் தெற்குச் சுவரைத் தேர்ந்தெடுத்தேன். கேட்டபோது இல்லை என்றதும், அந்த இல்லைக்குச் சாட்சி சொல்லவைத்ததும் நான்தான். இதை இப்படி வரிசையாக எழுதிப் பார்க்கும்போது கொஞ்சம் கடுமையாகத்தான் தெரிகிறது. நடந்தபோது அப்படித் தெரியவில்லை. ஒவ்வொன்றும் பல்லி வளர்க்கும் வேலைகளுக்கு நடுவே, தண்ணீர் தெளிப்பது போல, கூழ் கரைப்பது போல நடந்தது.

இனி ஒவ்வொருவரும் என்ன ஆனார்கள் என்று சொல்லிவிடுகிறேன். சண்முகலிங்கம் அண்ணை கடையை விற்றுவிட்டு ரொறன்ரோவில் மகளோடு இருக்கிறார். கலியாணம் பேசுவதை விட்டுவிட்டார் என்று கேள்வி. ஞானேந்திரன் சில வருடம் கழித்துப் பிரான்சிலிருந்து வந்த ஒரு பெண்ணைக் கலியாணம் செய்தார். இல்-பிசாரிலேயே இருக்கிறார்கள். ஒரு பெண்பிள்ளை. அந்தச் செய்தி வந்த அன்று அக்கா சாமிப்படத்துக்கு முன்னால் விளக்குக் கொளுத்தி, "பாத்தியோ, நான் விலத்தினபடியாலை மனுசன் சுகமா இருக்கிறார்," என்றார். நான் ஓம் என்றேன். துரை வாலில்லாமலே கொழுத்துப் போய் இருக்கிறது. இந்த இனம் நெடுங்காலம் உயிர் வாழும். நான் அதே பண்டகசாலையில் வேலை செய்கிறேன். அக்கா என்னோடுதான் இருக்கிறார். வேலையால் வந்து சமைத்துவிட்டு எதிர்க் கதிரையில் இருப்பார். நான் ஏதாவது கேட்டால் பதில் சொல்வார். கேட்காவிட்டால் படுக்கப் போகும்வரை ஒன்றும் பேசுவதில்லை. அவருக்கும் என்னைப் போலவே அமைதிதான் பிடிக்கும்.